நீலத்துக்கு அடியில் இருந்த கால்கள்

இரண்டாயிரத்து ஏழாம் வருடம், பிப்ரவரி மாதக் கடைசி. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் நான் டிராயிங் டீச்சராக இருந்தேன். சாரம் பகுதியிலிருந்து தினமும் ஸ்கூட்டியில் போய் வருவேன். அப்போது எனக்கு நாற்பத்தி இரண்டு வயது. அந்த வேலையில் பதினாலு வருடம் முடிந்திருந்ததால், எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது.

எங்கள் பள்ளிக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் காலத்துக் கட்டடம் ஒன்று உண்டு. உயரமான மேற்கூரை, தேக்கு உத்தரங்கள், ஆளுயர ஜன்னல்கள். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைக்கிற இடமாகத்தான் அதை எல்லோருக்கும் தெரியும். எங்கள் தலைமையாசிரியைக்குப் பாதிக் குடும்பம் பாரிஸில். அவரை நாங்கள் 'மதாம்' என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் மதாம் அந்தக் கட்டடத்தைத் திறந்து பார்த்துவிட்டு, பெஞ்சுகளை வெளியேற்றச் சொன்னார். வெள்ளையடித்தார்கள். ஜன்னல் பலகைகளுக்குப் பச்சை பெயின்ட் அடித்தார்கள். பிள்ளைகள் வரைந்த படங்களை நிரந்தரமாக வைக்கிற ஓவியக் கூடம் அது என்று மதாம் அறிவித்தார்.

திறப்பு விழாவில் ஒரு ஓவியரைக் கௌரவிக்க வேண்டும் என்பதும் மதாமின் ஆசை. ஒரு கைவினைப் பொருட்காட்சியில், நீலகிரி மலைச்சரிவிலிருந்து வந்திருந்த குறும்பர் இனத்துப் பழங்குடி ஓவியர் ஒருவரை அவர் பார்த்திருந்தார். அவர்கள் முன்னோர் பாறைகளில் வரைந்த மாதிரியே, மரப்பிசினும் மண்ணும் இலைச்சாறும் வைத்து வரைகிறவர். மூன்று நாள் முன்னதாகவே வந்து கூடத்தின் கடைசிச் சுவரில் ஒரு படம் வரைந்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்.

பெரியவர் யாரோ வரப்போகிறார் என்று நினைத்திருந்தேன். வந்தவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. ஒல்லியான மனிதர். தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் பிசின் கட்டிகள், செம்மண், காய்ந்த இலைகள். என்னைப் பார்த்து, "வணக்கமுங்க டீச்சர்" என்றார்.

முதல் நாள் முழுக்க அவர் வரையவே இல்லை. செம்மண்ணைக் குழைத்துச் சுவரில் பூசிக்கொண்டிருந்தார். அந்தக் கூடம் முழுக்க முதல் மழை பெய்த மாதிரி ஒரு வாசனை. வெளியே நல்ல வெயில். ஜன்னல் பலகைகளின் இடுக்கு வழியாகக் கோடு கோடாக வெளிச்சம் விழுந்தது. கடல் காற்றுக்குப் பலகைகள் அசையும்போது அந்தக் கோடுகள் ஈரச் சுவரில் மெதுவாக ஏறி இறங்கும். நான் படங்களை மாட்டுகிற வேலைக்காகத்தான் அங்கே போனேன். பாதியில் கையில் ஆணியோடு அப்படியே நின்றுவிடுவேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று மணியடித்தால்தான் தெரியும்.

மறுநாள் அவர் குச்சியால் வரைய ஆரம்பித்தார். செங்குத்தான ஒரு பாறை. அதிலிருந்து தொங்குகிற கொடி ஏணி. ஏணியில் தேன் எடுக்க இறங்குகிற மனிதர்கள். கீழே கைகோத்து நிற்கிற பெண்கள். வேங்கைப் பிசினின் பழுப்பு, இலையைத் தேய்த்த பச்சை. அவ்வளவுதான் நிறம். இடைவேளை நேரத்தில் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள். சத்தம் போடச் சொன்னாலும் போடமாட்டார்கள் போல் இருந்தது. தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டுக்குள் வருகிற மாதிரி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருவார்கள்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

கூடத்தில் மாட்டுவதற்காக நாற்பத்தி இரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். 'எங்கள் ஊர்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். பிள்ளைகள் வரைந்து கொடுத்ததும் நான் ஒரு காரியம் செய்வது வழக்கம். பள்ளி விட்ட பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் கொஞ்சம் கை வைப்பேன். கோணலான மூக்கை நேராக்குவேன். காலியாக இருக்கிற இடத்தில் ஒரு தென்னை மரம் போடுவேன். கடல் கோடு சாய்ந்திருந்தால் சரிசெய்வேன். முன்பு ஒரு போட்டிக்கு அப்படித் திருத்தி அனுப்பிய படத்துக்குப் பரிசு கிடைத்தது. அந்தப் பையனின் அப்பா நேரில் வந்து கைகூப்பினார். அதிலிருந்து அது என் கடமை என்றே ஆகிவிட்டது. பெற்றோர் வந்து பார்க்கும்போது படம் நன்றாக இருக்க வேண்டாமா? தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே கிடையாது.

ஆறாம் வகுப்பில் ஒரு பெண். தேங்காய்த்திட்டில் வீடு. அப்பா இல்லை. அம்மா துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். வகுப்பில் அந்தப் பெண் இருக்கிற இடமே தெரியாது. அவள் கொண்டுவந்து நீட்டிய படம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. தாள் முழுக்க மெழுகு கிரேயானை அழுத்தி அழுத்தி வரைந்த கால்கள். வெறும் கால்கள். கருப்பு, பழுப்பு, மஞ்சள். மடித்துக் கட்டிய லுங்கியின் ஓரம், புடவைக் கரை, ரப்பர் செருப்பு. அடியில் ஒரு கூடையும் கொஞ்சம் மீனும்.

"முகம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"ஏலம் போடும்போது நான் கூடை பக்கத்துல குந்திக்கினு இருப்பேன் டீச்சர். அங்கேருந்து பாத்தா இதான் தெரியும்" என்றாள்.

சரி என்று தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் போன பிறகு, பாவம், வரையத் தெரியாமல் ஏதோ கிறுக்கியிருக்கிறாள் என்று நினைத்தேன். ஆனாலும் விட மனசில்லை. தாளின் மேல் பாதிக்கும் அதிகமாக போஸ்டர் கலரில் நீல வானம் அடித்தேன். மெழுகின் மேல் கலர் நிற்காமல் முத்து முத்தாக ஒதுங்கியது. கெட்டியாகக் கரைத்து இரண்டாம் தடவை அடித்தேன். அதற்குக் கீழே கடல், ஒரு படகு, ஒரு தென்னை. அடியிலிருந்த மீனையும் கூடையையும் மட்டும் விட்டேன். கடற்கரையில் மீன் கூடை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவள் பெயரை எழுதி ஒட்டி, மற்ற படங்களோடு கண்ணாடி போடாமல் அட்டையில் மாட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அந்த ஓவியர் கை கழுவிவிட்டு, துண்டால் துடைத்தபடி படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசிப் படம் வரைக்கும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இதெல்லாம் ஒரே கொழந்தை போட்டதுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். நாற்பத்தி இரண்டு பிள்ளைகள் வரைந்தது, கீழே பெயர் எழுதியிருக்கிறதே என்றேன்.

"அப்படீங்களா" என்றார். இன்னொரு தடவை தூரத்தில் நின்று பார்த்தார். "கை ஒண்ணாட்டம் இருந்துது. அதான் கேட்டேனுங்க."

அவ்வளவுதான். குத்திக்காட்ட வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம் வந்துதான் கேட்டார். திரும்பிப் போய்க் குச்சியை எடுத்துக்கொண்டார். நான்தான் அந்தக் கூடத்தின் நடுவில் நின்றேன். அப்போதுதான் முதல்முறையாக அந்தச் சுவரைப் பார்த்தேன். வரிசையாகத் தென்னை மரங்கள். எல்லாம் வலது பக்கம் சாய்ந்தவை. எல்லாக் குருவிகளும் ஒரே மாதிரி இரண்டு வளைவு. எல்லாக் கடலும் ஒரே நீலம். என்னுடைய நீலம்.

நாளைக்கு விழா, இனி என்ன செய்ய முடியும் என்று சமாதானம் செய்துகொண்டேன். உண்மையைச் சொன்னால், யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற தைரியமும் இருந்தது.

விழா காலை பதினோரு மணிக்கு. பத்து மணியிலிருந்தே பெற்றோர் வர ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகள் அம்மா அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தங்கள் படத்தைக் காட்டினார்கள். எல்லோரும் என்னிடம் வந்து நல்ல வார்த்தை சொன்னார்கள். முந்தின நாள் ஓவியர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால் நான் மிதந்துகொண்டிருப்பேன். ஒவ்வொரு பாராட்டும் அன்றைக்கு எனக்கு வேறு யாருக்கோ வந்த தபால் மாதிரி இருந்தது.

அந்த ஆறாம் வகுப்புப் பெண்ணும் அம்மாவோடு வந்தாள். அம்மா துறைமுகத்தில் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, குளித்து, ஈரத்தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வந்திருந்தார். பள்ளி வாசல் தாண்டி உள்ளே வருவது அதுதான் முதல் தடவையாம். அந்தப் பெண் தன் படம் இருந்த இடத்தைப் பார்க்காமலேயே தாண்டி, அம்மாவை நேராக அந்தத் தேன்பாறைச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஓவியர் தரையில் உட்கார்ந்து கடைசிக் கோடுகளைப் போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மா என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், எம்பொண்ணு படத்தை மாட்டலியாமே. நல்லா இல்லீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. தயங்கித் தயங்கிக் கேட்டார். மகளுக்கு வரைய வராது போல, நாம் ஆசைப்பட்டு வந்துவிட்டோமே என்கிற மாதிரி ஒரு குரல். நான், இருக்கிறதே என்று கையை நீட்டி அந்தப் படத்தைக் காட்டினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பெயரை நான்தான் படித்துக் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்தார். "நல்லாகீது டீச்சர்" என்றார். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "இங்கதானே மாட்டிகீறாங்க? ஏன்டி இல்லன்னு பொய் சொன்ன?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கிறேன் இல்ல. ஏன் பொய் சொன்ன?"

அப்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மறுபடியும் தரையைப் பார்த்தாள். இடைவேளையில் வாசலில் வந்து நின்றபோதே, தன் கூடைக்கு மேல் என் வானத்தை அவள் பார்த்திருக்க வேண்டும். 'டீச்சர்தான் மேல கலர் அடிச்சாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் சொல்லவில்லை. பொய்க்காரி என்ற பேரை வாங்கிக்கொண்டு நின்றாள். பதினோரு வயதுக் குழந்தை, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரிந்தபோது காதெல்லாம் அடைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கூடத்தில் அத்தனை பேர் பேசுகிற சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் கேட்டது.

"அவ பொய் சொல்லல" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. "அவ வரைஞ்சது இதுக்கு அடியில இருக்கு. நான்தான் மேல அடிச்சுட்டேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. அட்டையை ஆணியிலிருந்து கழற்றி ஜன்னல் ஓரமாகத் தரையில் வைத்தேன். ஓவியர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். எழுந்து வந்து, தன் கிண்ணத்துத் தண்ணீரையும் ஒரு பழைய துணியையும் என் பக்கத்தில் வைத்தார். படத்தைக் கிட்டப் போய் விரலால் தொட்டுப் பார்த்தார்.

"அடியில மெழுகுங்க. மேல இருக்கறது ஒட்டியிருக்காது. அழுத்தாம மெல்லத் தொடைங்க" என்று சொல்லிவிட்டு, அட்டை நகராமல் இருக்க ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து என் வானத்தைத் துடைத்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. நீலம் கரைந்து துணியில் வந்தது. பிறகு அந்தக் கரைசலுக்குள்ளிருந்து ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அதற்கப்புறம் ஒரு பாதம், ஒரு முழங்கால். மெழுகு தண்ணீரைத் தள்ளித் தள்ளி, ஒவ்வொரு காலாக வெளியே வந்தது. தென்னை மரம் போன இடத்தில் மடித்துக் கட்டிய ஒரு கட்டம்போட்ட லுங்கி. படகு போன இடத்தில் கொலுசு போட்ட ஒரு கால். ஜன்னல் வெளிச்சம் அந்த ஈரத் தாளில் விழுந்து அசைந்தபோது, அந்தக் கால்களெல்லாம் நிஜமாகவே இடம் மாறி மாறி நிற்பது போல் தெரிந்தது. எவ்வளவோ வருடத்துக்குப் பிறகு நான் ஒரு படத்தை நிஜமாகப் பார்க்கிறேன் என்று தோன்றியது.

அந்த அம்மாவும் என் பக்கத்தில் குந்திவிட்டார். "இது ஏலம் கூவுறவரு" என்றார். "கால் வளைஞ்சிகீது பாரு. இது எங்க நாத்தனா, அவதான் கொலுசைக் கழட்ட மாட்டா." ஒவ்வொரு காலாக விரல் வைத்துப் பேர் சொல்லிக்கொண்டே வந்தார். ஊரில் தெரிந்தவர்களைத் தெருவில் பார்த்த மாதிரி. கூடைக்கு ரொம்பப் பக்கத்தில் இருந்த ஒரு ஜோடிக் காலுக்கு வந்ததும் பேச்சு நின்றுவிட்டது. இடது காலில், குதிகாலுக்கு மேலே, சிவப்புக் கிரேயானில் ஒரு நீளமான தழும்பு.

அவர் தன் புடவையை லேசாகத் தூக்கித் தன் இடது காலைப் பார்த்தார். அதே இடத்தில் தழும்பு இருந்தது. எப்போதோ திருக்கை மீனின் முள் குத்தியதாம்.

"என் காலை இப்டியா பாத்துக்கினு குந்தியிருந்த?" என்று மகளிடம் கேட்டார். அந்தப் பெண் அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

நீலம் முழுக்கப் போகவில்லை. கிரேயான் படாத இடங்களில் தாள் நீலத்தைக் குடித்துவிட்டது. கால்களுக்கு நடுவில் எல்லாம் வெளிறிய நீலம் தேங்கி நின்றது. அதை நான் இன்னும் தேய்த்தால் தாள் கிழியும். நான் அந்தப் பெண்ணைப் பார்த்து, மன்னிச்சுடும்மா, இது போக மாட்டேங்குது என்றேன். அவள் குனிந்து படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"பரவால்ல டீச்சர். அங்க தரையெல்லாம் எப்பவும் தண்ணியாத்தான் கீது" என்றாள்.

அதற்குள் மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஓவியரை அறிமுகம் செய்து சால்வை போர்த்த வேண்டியது என் பொறுப்பு. கை கழுவ நேரமில்லை. சால்வையைப் பிரித்து அவர் தோளில் போர்த்தியபோது, மஞ்சள் சால்வையில் என் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்துவிட்டது. முன்வரிசையில் மதாம் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். ஓவியர் அந்த விரல் அடையாளத்தைப் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார்.

எழுதி வைத்திருந்த பேச்சு பைக்குள்ளேயே இருந்தது. அந்தப் படங்களில் எல்லாம் பிள்ளைகளோடு என் கையும் இருக்கிறது, அதை உங்களிடம் சொல்லாமல் மாட்டியது என் தப்பு, இந்தக் கூடத்தில் நேர்மையாக வரைந்தவர் இவர் ஒருத்தர்தான், இன்னொருத்தி கீழே உட்கார்ந்திருக்கிறாள் என்று மட்டும் சொன்னேன். கோர்வையாக வரவில்லை. பின்வரிசையில் ஒரு அப்பா எழுந்து, அப்போ என் பையன் எதைத்தான் வரைந்தான் என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஓவியரைப் பேசச் சொன்னார்கள். அவர் மைக்கைத் தொடவே இல்லை. எங்க ஊருல படத்துக்கு அடியில பேரு எழுதற வழக்கம் இல்லீங்க, ஆனா யாரு போட்டதுன்னு எல்லாருக்கும் தெரியும் என்றார். கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். மறுநாள் காலை பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார். அந்தச் சால்வையைத் துவைக்காமலேயே மடித்துப் பையில் வைத்ததை நான் பார்த்தேன்.

மதாம் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, மைக்கில் சொல்வதற்கு முன்னால் தன்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டார். வேலை போய்விடும் என்றே நினைத்தேன். போகவில்லை. ஆனால் ரொம்ப நாளைக்கு என்னிடம் சரியாகப் பேசவில்லை. மறு வாரமே பிள்ளைகள் வந்து, "டீச்சர், என் படத்துக்கு அடியிலயும் என்னுது கீதா?" என்று கேட்டார்கள். துணியையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முயற்சி செய்தோம். மற்றவர்கள் எல்லோரும் வாட்டர் கலரில் வரைந்திருந்தார்கள். என்னுடையதோடு அவர்களுடையதும் சேர்ந்தே கரைந்து போனது. அந்த நாற்பத்தியோரு பேருக்கும் புதுத்தாள் கொடுத்து மறுபடி வரையச் சொன்னேன். கோணல் மூக்கும் சாய்ந்த கடலுமாக அந்தச் சுவர் மாறிய பிறகுதான், யார் எங்கே இருக்கிறார்கள் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது.

இப்போது நான் ஓய்வு பெறுகிற வயதுக்கு வந்துவிட்டேன். எத்தனையோ விழா பார்த்தாயிற்று. பிள்ளைகளுக்கு நான் என்ன கற்றுக் கொடுத்தேன் என்று யாராவது கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் தன் அம்மாவின் முன்னால் பொய்க்காரியாக நிற்கச் சம்மதித்து, தன் படத்தை மறைத்த டீச்சரைக் காட்டிக்கொடுக்காமல் இருந்த அந்த ஒரு நிமிட மௌனத்துக்கு ஈடாக நடந்துகொள்ளத்தான், இத்தனை வருடமாக ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் போய்க்கொண்டிருக்கிறேன்.